கேட்பவரைக் கேட்பவர்

கடலோரப் பட்டணம் ஒன்றில் எமரென்சியா என்றொரு கன்னியாஸ்திரி இருந்தார். மனசு உடைந்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். கேட்பார். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள்.

அப்படிக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டும் சிலர் அவரிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தொபியாஸ்.

தொபியாஸ் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிஸ்டரைவிட வயதில் நன்றாக மூத்தவர். தலை நரைத்த பிறகு மறுபடி மாணவராகி, சிஸ்டரின் வகுப்பில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். சிஸ்டர் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

பயிற்சி முடிந்ததும் அவருடைய பங்குச் சாமியார் கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். பழைய பாடகர் குழு அறை. தொபியாஸ் அதை வெள்ளையடித்து, எதிரெதிரே நாற்காலி போட்டு, கவுன்சிலிங் அறை ஆக்கினார்.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் மனைவி பிலோமியிடம் சொன்னார்.

"வாத்தியார் வேலை நான் தேடிப் போனது. இது என்னைத் தேடி வந்திருக்கு."

பிலோமி சிரித்தாள். "தேடி வந்ததுக்கு முதல்ல சோறு போடுங்க. கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அந்த அறைக்கு லிசியா என்ற இளம்பெண் வந்தாள். அவள் புருஷன் வினிஸ்டன் மீன்பிடிக்கப் போன இடத்தில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திப் பிழைத்தார்கள். வினிஸ்டன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊர் அவனுக்காகப் பூசை வைத்து முடித்துவிட்டது. லிசியா மட்டும் இன்னும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். பால்வாடிக்குப் போகும் ஒரு மகள் இருந்தாள்.

முதல் நாளே தொபியாஸ் எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்.

"நீ சொல்லது எதுவும் இந்த அறையை விட்டு வெளிய போகாதும்மா. உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் வெளிய சொல்லுவேன்."

லிசியா தலையாட்டினாள். அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

பல வாரம் அவள் வந்தாள். சில நாள் பேசினாள். சில நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பேசாத நாளில் தொபியாஸும் பேசவில்லை. சிஸ்டரிடம் படித்ததில் அவருக்கு மிகக் கஷ்டமான பாடம் அதுதான். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று பேசியவர் அல்லவா.

ஒருநாள் லிசியா புதுச்சேலை கட்டி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. தொபியாஸ் சந்தோஷப்பட்டார். அவள் எழுந்திருக்கும் நேரம் சாதாரணமாகச் சொன்னாள்.

"இனிமே வரமாட்டேன் சார். அவுக இருக்க இடத்துக்கே போலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

தொபியாஸ் அவளைப் போகவிடவில்லை. அவள் கண் முன்னாலேயே அவளுடைய அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா ஓடி வந்தாள். மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லிசியாவை உள்ளே சேர்த்தார்கள். உயிர் தப்பியது.

ஆனால் ஊரில் ரகசியம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒருவர் சொல்ல, தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. மாமியார் வந்தாள். "தன் உயிரையே பாத்துக்கத் தெரியாதவ, பிள்ளைய எப்படிப் பாப்பா?" என்று சொல்லி மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த லிசியா நேராகக் கவுன்சிலிங் அறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள்.

"ஃபாதர்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருந்தா வெளிய போயிருக்காது. உங்கள்ட்ட சொன்னேன் பாருங்க. என் பிள்ளைய வித்துட்டீங்க சார்."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

அன்றிலிருந்து தொபியாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செபமாலையைக் கையில் எடுப்பார். ஒரு மணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அறைக்கு வேறு யார் வந்து பேசினாலும் அவருக்கு லிசியாவின் குரல்தான் கேட்டது. பிலோமியிடமும் சொல்ல முடியாது. கேட்டதை வீட்டில் சொல்லக் கூடாதே.

ஒரு சனிக்கிழமை மதியம் அறையைப் பூட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு சிஸ்டர் எமரென்சியாவின் மடத்துக்குப் போனார். சாவியைச் சிஸ்டரின் மேசைமேல் வைத்தார்.

"நான் இதை விட்டுடுதேன், சிஸ்டர்."

"சரி சார்."

தொபியாஸ் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று தடுப்பார், தைரியம் சொல்வார் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லத்தான் வந்திருக்கீங்க. சொல்லுவீங்க."

பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது.

"ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேக்காரு. மன்னிப்புக் குடுத்து அனுப்புதாரு. கேட்டதை அங்கயே ஆண்டவர்ட்ட விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுதாரு. நான் கேட்டதெல்லாம் எங்க போகும், சிஸ்டர்? எங்கிட்ட குடுக்கதுக்குத்தான் என்ன இருக்கு?"

சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆண்டவர் கூப்பிட்டார்னு நினைச்சேன். எனக்கு நானே கூப்பிட்டுக்கிட்டேன் போல. சொல்லுங்க, எனக்கு இதுக்கு அழைப்பு இருக்கா, இல்லியா?"

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டியிலயா சார் வந்தீங்க?"

"ஆமா."

"எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும். என் வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. கொண்டு விடுதீங்களா?"

தொபியாஸுக்குச் சுருக்கென்றது. உயிர் போகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டால், இவர் ஆட்டோ பிடிப்பதுபோல் என்னைப் பிடிக்கிறாரே என்று நினைத்தார். ஆனாலும் வண்டியைக் கிளப்பினார். சிஸ்டர் முக்காட்டின்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

போன இடம் ஒரு மாடி வீடு. டாக்டர் ஹில்டாவின் வீடு. ஹில்டா மனநல மருத்துவர். கத்தோலிக்கக் குடும்பம்தான். அவரோடு பிரதர் சில்வெஸ்டர் என்ற துறவி உட்கார்ந்திருந்தார். குடியை விட வந்தவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்துபவர். சிஸ்டரும் அவர்களும் மாதம் ஒருமுறை அங்கே கூடுவார்கள். தட்டில் கீரைவடை இருந்தது.

கதவைத் திறந்ததும் ஹில்டா, "எமி, இன்னிக்கும் லேட்டா?" என்றார்.

தொபியாஸ் திடுக்கிட்டார். தன் குருவை 'எமி' என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"இவங்க தொபியாஸ் சார். எங்கூடப் படிச்சவங்க" என்றார் சிஸ்டர்.

'எங்கிட்டப் படிச்சவங்க' என்று அவர் சொல்லவில்லை. தொபியாஸ் அதைக் கவனித்தார். வாய் தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

"நான் கீழ வெயிட் பண்ணுதேன்" என்றார்.

"டீ ஊத்திட்டேனே" என்றார் ஹில்டா.

தொபியாஸ் உட்கார்ந்தார். எல்லாரும் கண்ணை மூடிச் சற்று நேரம் செபித்தார்கள். பிறகு பிரதர் சில்வெஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்க இல்லத்துல ஒருத்தர் குடிய விட்டு நல்லா இருந்தாரு. மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தாரு. கல்யாணத்தன்னைக்கே குடிச்சுட்டாரு. நான் மண்டபத்துக்குப் போயி, அவர அங்கயே ஒரு ரூம்ல தூக்கிப் படுக்க வச்சேன். அப்புறம் பின்பக்கம் போயி நின்னு அழுதேன். அழுது முடிச்சுட்டு வந்து கல்யாணச் சாப்பாட்ட ஒரு பிடி பிடிச்சேன். பாயசம் ரெண்டு தடவ வாங்குனேன்."

ஹில்டா சிரித்துவிட்டார். சிஸ்டரும் சிரித்தார். சில்வெஸ்டரும் சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்குக் கண் நிறைந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஹில்டா அவர் பக்கம் வடைத் தட்டை நகர்த்தினார்.

அடுத்து சிஸ்டர் எமரென்சியா பேசினார்.

"எங்கிட்ட ஒருத்தர் வாராரு. அவர எனக்குப் பிடிக்கல. கொஞ்சம்கூடப் பிடிக்கல. இந்த வாரம் அவர் வரல. வரலன்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் கோவில்ல போயி உக்காந்தேன். செபம் வரல."

தொபியாஸ் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். இதைக் கேட்டுக்கொண்டு தான் இங்கே இருக்கலாமா என்று அவருக்குக் கூசியது.

ஹில்டா கேட்டார். "என்ன பிடிக்கல, எமி?"

"எதுத்தாப்புல நான் ஒருத்தி இருக்கேன்னே அவருக்கு நினைப்பு இல்ல. சுவத்தப் பாத்துப் பேசுத மாதிரி பேசுவாரு."

"அதுனால உனக்கு என்ன?"

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"அவருக்கு நான் வேணும்னு எனக்கு ஆசை போல" என்றார் சிஸ்டர் கடைசியில். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இப்ப தெரிஞ்சு போச்சு. அடுத்த வாரம் அவர் வந்தா நல்லாக் கேக்க முடியும்னு நினைக்கேன்."

பிறகு எல்லாரும் தொபியாஸைப் பார்த்தார்கள்.

"நான் சும்மா சிஸ்டரக் கொண்டு விட வந்தேன்."

"டீ குடிச்சீங்கல்லா?" என்றார் ஹில்டா. "அப்ப உங்களுக்கும் முறை உண்டு."

சொல்லக் கூடாது என்றுதான் தொபியாஸ் நினைத்தார். ஆனால் வாய் திறந்துகொண்டது. பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. புதுச்சேலையைச் சொன்னார். போன் செய்ததைச் சொன்னார். வாசலில் நின்று அந்தப் பெண் கேட்டதைச் சொல்ல வந்தபோது அவரால் முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார்.

அழாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதுகைத் தட்டிக் கொடுக்கவும் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை இருந்தார்கள்.

சில்வெஸ்டர்தான் முதலில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப உயிரோட இருக்கா, இல்லியா?"

"இருக்கா."

"உங்கமேல கோவமா இருக்கா."

"ரொம்ப."

"கோவப்படுததுக்கு ஆள் இருக்காள்லா?"

"அது எனக்கும் தெரியும் பிரதர்" என்றார் தொபியாஸ் வெடுக்கென்று. "அவ பிள்ள அவகிட்ட இல்லியே. அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

சில்வெஸ்டர் தலைகுனிந்தார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல சார். மன்னிக்கணும்."

இந்த முறை ஹில்டா பேசினார்.

"இப்ப அவள யாரு பாக்கா?"

"யாரும் இல்ல."

"மருந்து?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க. சாப்பிடுதாளா என்னன்னு தெரியாது. எங்கிட்டதான் வரமாட்டேங்காளே."

"உங்கள்ட்ட வராண்டாம். எங்கிட்ட வரட்டும். அவ அக்காட்டச் சொல்லி, அவளுக்குச் சம்மதமான்னு கேக்கச் சொல்லுங்க. சம்மதம்னா அவளே வந்து பேரச் சொல்லட்டும்."

"அவ எங்கிட்ட வந்த பிள்ள டாக்டர்."

"ஆமா. அதான் உங்கள்ட்டக் கேக்கேன்."

தொபியாஸ் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் காற்று பலமாக அடித்தது. தொபியாஸ் தலையைத் திருப்பாமல் கத்திப் பேசினார்.

"ஆண்டவர் அவள எங்கிட்ட அனுப்புனார்னு நினைச்சேன் சிஸ்டர்."

பின்னாலிருந்து சிஸ்டரும் கத்தினார். "அனுப்பியிருப்பாரு."

"பெறகு?"

"உங்கள்ட்ட மட்டும்னு சொன்னாரா?"

தொபியாஸ் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. சிஸ்டர் "மாதாவே!" என்றார்.

மறுநாள் பூசை முடிந்து தொபியாஸ் மடத்துக்குப் போனார். சாவி மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார்.

"வாரேன் சிஸ்டர்."

"பிலோமிக்குக் கொஞ்சம் கீரை கொண்டு போங்க சார்."

லிசியா முதலில் ஹில்டாவிடமும் வர மறுத்தாள். அக்கா விடவில்லை. கடைசியில் வந்தாள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினாள். சாப்பாட்டில் உப்பு உறைப்புத் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னாளாம்.

பிறகு ஒருநாள் லிசியா வரும்போது ஹில்டா அவள் மாமியாரையும் வரச் சொன்னார். மாமியார் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹில்டா பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. மருமகளைப் பற்றியும் கேட்கவில்லை.

"உங்களுக்கு எப்படி இருக்கு, அம்மா?" என்று கேட்டார்.

வினிஸ்டன் போனதிலிருந்து அந்த அம்மாளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கடலுக்குப் போனவன் பெண்டாட்டியைத்தான் எல்லாரும் விசாரித்தார்கள். பெற்றவள் ஒருத்தி இருப்பதை ஊர் மறந்துவிட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அவன் மூக்கு, அவன் நெத்தி, எல்லாம் அந்தப் பிள்ளைலதான டாக்டரம்மா இருக்கு. அதப் பாக்காம நான் எப்படி இருப்பேன்?" என்றாள்.

பக்கத்தில் இருந்த லிசியா எழுந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் பிள்ளை தாயிடம் வந்துவிட்டாள். மாமியாரும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டாள். இதையெல்லாம் ஹில்டா மாதக் கூட்டத்தில் தொபியாஸிடம் சொன்னார்.

"நீங்க இதச் சொல்லலாமா டாக்டர்?"

"அவதான் சொல்லச் சொன்னா."

"வேற எதாவது சொன்னாளா?"

"இல்ல."

தொபியாஸ் இப்போது மாதாமாதம் அந்த மாடி வீட்டுக்குப் போனார். சில மாதம் பேசினார். சில மாதம் வடை தின்றுவிட்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தார். கவுன்சிலிங் அறையில் கேட்டவை இன்னும் கனத்தன. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு சாப்பிடவும் தூங்கவும் முடிந்தது. அறைக்குப் போகும்போது, தனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல ஒரு தெம்பு இருந்தது. கதவைத் திறக்குமுன் அந்த மூவர் பேரையும் ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லி நன்றி சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார்.

ஒரு முள் மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் லிசியா, அவரைக் கண்டால் பக்கவாசல் வழியாகப் போய்விடுவாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவாள்.

இதையும் அவர் கூட்டத்தில் சொன்னார்.

சில்வெஸ்டர் சொன்னார். "எனக்கும் ஒருத்தன் இருக்கான் சார். பஜார்ல என்னயப் பாத்தா ரோட்டத் தாண்டி எதிர்ச் சாரிக்குப் போயிருவான். நான் நின்னு பாப்பேன். நேரா நடக்கான். கீழ விழாம நடக்கான். மறையுத வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் என் சோலியப் பாக்கப் போவேன்."

அடுத்த ஞாயிறு லிசியா பக்கவாசல் வழியாகப் போனபோது தொபியாஸும் நின்று பார்த்தார். பிள்ளை வளர்ந்திருந்தாள். தாயின் கையை விட்டுவிட்டு மணலில் குதித்து ஓடினாள். லிசியா அதட்டினாள். அதட்டுகிற குரலில் பலம் இருந்தது. முற்றத்தில் கல்குகைக்குள் இருந்த மாதா சொரூபத்தைத் திரும்பிப் பார்த்துத் தொபியாஸ் கும்பிட்டார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் கவுன்சிலிங் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தொபியாஸ் அவளைப் பார்த்ததில்லை. குடையை மடக்கவில்லை. உள்ளே வருவதா, திரும்பிப் போவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாம்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். தொபியாஸ் வழக்கமாகச் சொல்வதைத் தொடங்கினார்.

"நீ சொல்லது எதுவும் வெளிய போகாது. உன் உயிருக்கு..."

"தெரியும் சார்" என்றாள் அவள். "லிசியா சொன்னா."

தொபியாஸ் நிறுத்தினார்.

"அவதான் அனுப்புனா. எனக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. என்னென்னமோ தோணுது. யாரயும் நம்பவும் பயமா இருந்துச்சு. அவதான் சொன்னா, 'அந்த சார்ட்டப் போ. நீ சாகப் போறேன்னு சொன்னா, அவரு கமுக்கமா வச்சுக்க மாட்டாரு. நீ எவ்வளவு ஏசுனாலும் சரி, வெளிய சொல்லி உன்னயப் பிழைக்க வச்சுருவாரு. அதனாலதான் அங்க போகச் சொல்லுதேன்'னு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தொபியாஸ் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நிறைந்தது கீழே விழாமல் இருக்க அதுதான் வழி.

சந்தோஷம் பொங்கி வந்தது. ஆனால் அவள் இவர் சந்தோஷத்தைப் பார்க்க வரவில்லை என்பது நினைவு வந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லும்மா. என்னென்ன தோணுது?"

அவள் சொன்னாள். அவர் கேட்டார். மழை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டது.

அவள் போன பிறகு தொபியாஸ் கோவிலுக்குள் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருந்தார். மன்றாட்டு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நன்றி என்ற ஒரு சொல்தான் வந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேக்கரியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு மடத்துக்குப் போனார். சிஸ்டர் எமரென்சியா தன் அறையில் இருந்தார். தொபியாஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேர் சொல்லவில்லை. ஆனால் குரல் அடங்கவில்லை. "கேட்டீங்களா சிஸ்டர்? அதனாலதான் போகச் சொன்னாளாம்! அதனாலதான்!"

சிஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் சிரிப்பு விரிந்தது.

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார்.

"அன்னைக்கு நீங்க என்னயக் கூட்டிட்டுப் போகலன்னா இதெல்லாம் இல்ல. நான் அன்னைக்கே முடிஞ்சிருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்லதுன்னு எனக்குத் தெரியல சிஸ்டர். நான் உங்களுக்கு என்ன செய்யணும்? சொல்லுங்க."

சிஸ்டர் பொட்டலத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். சன்னல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் தொபியாஸ் கவனித்தார். சிஸ்டரின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

"உங்களுக்கு அவசரமா சார்?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப கொஞ்சம் உக்காருங்க. எங்க அம்மாவுக்கு நேத்துல இருந்து என்னய அடையாளம் தெரியல. 'நீங்க யாரு பெத்த பிள்ளைங்க'னு கேட்டாங்க."

வயது அப்படித்தான் என்று சொல்ல வந்தது. செபிப்போம் என்றும் சொல்ல வந்தது. தொபியாஸ் இரண்டையும் சொல்லவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்தார்.